உரோமாபுரியின் கற்கள்: இடிபாடும் ஆலயமும் பொருட்காட்சிச்சாலையும்

உரோமாபுரியைக் காணச் செல்வோர் தம் நாட்களை மூன்றாகப் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். ஒரு நாள் பழைய இடிபாடுகளுக்கு; ஒரு நாள் வாத்திகன் முதலிய பொருட்காட்சிச்சாலைகளுக்கு; எஞ்சிய நாள் தேவாலயங்களுக்கு. வழிகாட்டி நூல்களும் பெரும்பாலும் இவ்வாறே அதிகாரம் பிரித்துக் கூறுகின்றன. கால் நோகாமல் சுற்றி வருவதற்கு இப்பிரிவு உதவும். ஆனால் அந்நகரத்தை அறிவதற்கு இது தடையே ஆகும். ஏனெனில், இடிபாடு, ஆலயம், பொருட்காட்சிச்சாலை என்பன அங்கே மூன்று தனிப் பொருள்கள் அல்ல. ஒரே கட்டடத்துக்குக் காலப்போக்கில் நேர்ந்த மூன்று கதிகள் என்று அவற்றைக் கொள்வதே பொருந்தும்.

இதனை விளக்க ஒரு கட்டடம் போதும். தமிழருக்கும் சற்றுத் தொடர்புடையது அது.

உரோமப் பேரரசின் நடுநாயகமாய் விளங்கிய பொதுவெளியைப் 'போரம்' என்பர். அதன் கீழ்ப்பகுதியில், 'திருவீதி' எனப்பட்ட பழஞ்சாலையின் ஓரத்தில், செங்கல்லும் காரையும் கொண்டு எழுப்பிய மூன்று மாபெரும் வளைவுக் கூடங்கள் நிற்கின்றன. மாக்சென்டியஸ் என்னும் அரசன் கி.பி. 308 அளவில் தொடங்கிய பேரவை மண்டபத்தின் வடபுறம் இது. நடுக்கூடமும் தென்புறமும் நிலநடுக்கங்களால் வீழ்ந்துபட்டன. இம்மண்டபம் எழுமுன் அவ்விடத்தில் இருந்தது மிளகுக் கிடங்கு. டொமிஷியன் என்னும் பேரரசன் (கி.பி. 81-96) கட்டியது அது. அதன் சுவர்கள் இன்னும் மண்டபத் தளத்தின் அடியில் உள்ளன.

மிளகுக்கெனத் தனிக் கிடங்கு, அதுவும் தலைநகரின் நடுவில், ஏன் வேண்டியிருந்தது? அக்காலத்து அறிஞர் பிளினி, கருமிளகு இராத்தல் ஒன்றுக்கு 4 தெனாரியஸ் வெள்ளிக்காசு என்றும், வெண்மிளகு 7 என்றும், திப்பிலி 15 என்றும் விலை எழுதி வைத்துள்ளார். இந்தியாவுக்குச் செல்லும் பொன்னைப் பற்றி அவர் மனம் புழுங்கியதும் யாவரும் அறிந்ததே. யவனர் மரக்கலங்கள் முசிறித் துறைக்குப் பொன் கொண்டு வந்து மிளகு ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூறு கூறுகிறது. சேர நாட்டுத் துறையில் ஏற்றிய மூட்டை எங்கே இறங்கியது என்று வகுப்பில் மாணவர் கேட்டால், ஆசிரியர் தயங்க வேண்டியதில்லை. அந்த மிளகு கூடிக் குவிந்த இடங்களுள் ஒன்று இந்த மண்டபத்தின் அடித்தளம். கிடங்கு மறைந்து ஒரு நூற்றாண்டு ஆன பின்னரும் அச்சுவை அந்நகரை விட்டு நீங்கவில்லை. கி.பி. 408-இல் கோத்தியர் தலைவன் அலாரிக் நகரை முற்றுகையிட்டபோது, விலகிப் போவதற்குக் கேட்ட திறைப் பொருளில் பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றோடு 3,000 இராத்தல் மிளகும் இருந்தது.

இனி மண்டபத்தின் கதி யாதாயிற்று என்று காண்போம். 312-இல் மாக்சென்டியஸ் போரில் மாண்டான். வென்ற கான்ஸ்டன்டைன் மண்டபத்தை முடித்து, அதன் மேற்குக் கோடியில் தன்னுடைய மாபெரும் சிலையை அமர்ந்த நிலையில் நிறுவினான். நடுக்கூடத்தை அணி செய்து எட்டுப் பெரிய சலவைக்கல் தூண்கள் நின்றன. அவற்றுள் ஏழு அழிந்தன. எட்டாவதை ஐந்தாம் பவுல் பாப்பரசர் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர்த்தெடுத்துச் சென்று, புனித மரியாள் பேராலயத்தின் முன்றிலில் நாட்டி, அதன் உச்சியில் தேவமாதாவின் உருவத்தை ஏற்றினார். 1614 முதல் அத்தூண் அங்கே நிற்கிறது. கான்ஸ்டன்டைன் சிலையின் துண்டுகளோ 1486-இல் மண்டப இடிபாட்டில் அகப்பட்டன. தலை, கை, பாதம், முழங்கால் எனச் சில உறுப்புகள் மட்டும். அவை காப்பிட்டோலியக் குன்றிலுள்ள பொருட்காட்சிச்சாலையின் முற்றத்தில் வைக்கப்பட்டுள்ளன. தலை ஒன்றே ஓர் ஆளினும் உயரமானது. அவ்வுறுப்புகளைக் கொண்டு கணக்கிட்டு, ஏறத்தாழ 13 மீட்டர் உயரத்தில் முழுச்சிலையின் போலியுரு ஒன்று 2024-இல் அதே குன்றின் தோட்டத்தில் நிறுவப்பட்டது.

ஆகவே ஒரே மண்டபம்: உடல் போரத்தில் இடிபாடாக, தூண் ஆலயத்தின் வாயிலில், சிலை பொருட்காட்சிச்சாலையில். மூன்று நாட்களில் மூன்றையும் கண்டு திரும்பும் பயணிகளுள் இம்மூன்றும் ஒன்றே என்று உணர்ந்தோர் எத்தனை பேர்?

கற்கள் இவ்வாறு இடம் பெயர்ந்தமைக்குக் காரணம் பகைவர் படையெடுப்பே என்று பலரும் எண்ணுவர். அது சிறு காரணமே. பெருங்காரணம் வறுமையும் வசதியுமாகும். பேரரசின் உச்சத்தில் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்ததாகக் கணிக்கப்படும் நகரம், இடைக்காலத்தில் சில பதினாயிரம் பேர் உறையும் ஊராகச் சுருங்கிற்று. போரத்தின் மீது மண் மேவி மாடு மேய்ந்தது; அதனால் அவ்விடத்துக்கு 'மாட்டு மைதானம்' என்றே பெயர் வழங்கிற்று. இத்தகைய ஊரில் வீடோ கோயிலோ கட்ட விரும்புவோர் மலைக்குச் சென்று கல் வெட்டுவரோ? செதுக்கி அடுக்கிய கல் கண்ணெதிரே கிடந்தது. மற்றொன்று, சுண்ணாம்பு. சலவைக்கல்லைச் சூளையில் இட்டுச் சுட்டால் உயர்ந்த சுண்ணாம்பு கிடைக்கும். தூண், போதிகை, கல்வெட்டு, சிலை எல்லாம் சூளைக்குள் சென்றன. கலைஞன் ஓராண்டு செதுக்கிய முகம் சில நாளில் சுவர்ப்பூச்சு ஆயிற்று. இடிபாடுகளுக்கு நடுவிலேயே சூளைகள் எரிந்தன.

கி.பி. 80-இல் திறந்து வைக்கப்பட்ட கொலோசியம் அரங்கின் கதையும் இதுவே. நிலநடுக்கத்தில் அதன் தென்புறம் சரிந்தபின், கல் குவாரியாகவே அது பயன்பட்டது. இன்று அதன் கற்களில் அம்மைத் தழும்பு போலக் காணப்படும் குழிகள், கற்களைப் பிணைத்த இரும்புப் பற்றுகளைப் பிடுங்கியதால் ஏற்பட்டவை. அங்கு மாண்டதாக நம்பப்பட்ட கிறித்தவத் தியாகிகளை முன்னிட்டு, 18 ஆம் நூற்றாண்டின் நடுவில் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் அவ்வரங்கைப் புனித இடமாக அறிவித்தார். அதன் பின்னரே கல் எடுப்பது நின்றது. வரலாற்றுப் பற்று காக்காத சுவரைச் சமயப் பற்று காத்தது.

இதில் விந்தையான நிலையில் நின்றவர் ஓவியர் ரபாயேல். புனித பேதுரு ஆலயத் திருப்பணிக்கு வேண்டிய கற்களைத் தேடும் பொறுப்பைப் பத்தாம் லியோ பாப்பரசர் 1515-இல் அவருக்கு அளித்தார். எழுத்துப் பொறித்த கற்களை அவர் இசைவின்றி உடைத்தலாகாது என்பதும் அதே ஆணையில் இருந்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து அதே பாப்பரசருக்கு எழுதிய மடலில், பழைய உரோமாபுரி கண்ணெதிரே சுண்ணாம்பாகி அழிவதை எடுத்துரைத்து, எஞ்சியதையேனும் காக்குமாறு ரபாயேல் வேண்டினார். கல் எடுப்பவரும் அவரே. கல்லுக்காக வழக்குரைத்தவரும் அவரே.

அவ்வாறாயின் எவை தப்பின? மக்கள் கைவிட்டவை அழிந்தன, கையாண்டவை தப்பின. இதற்குப் பான்தியன் என்னும் கோயிலினும் சிறந்த சான்று இல்லை. முகப்பில் அகிரிப்பாவின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பினும், இப்போதுள்ள கட்டடம் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 125 அளவில், முடிந்தது. முன்னோன் பெயரை அழிக்காமல் விட்டமை அம்மன்னனின் பெருந்தன்மை. வட்டக்கூடத்தின் குறுக்களவும் உச்சி வரையுள்ள உயரமும் ஏறத்தாழ 43 மீட்டர். இரும்புக் கம்பி இடாத காரைக் குவிமாடங்களுள் இன்றளவும் உலகில் இதுவே பெரியது. மேலே செல்லச் செல்ல இலேசான கல்லைக் காரையில் கலந்து எடையைக் குறைத்தனர். உச்சியில் எட்டு மீட்டருக்கு மேல் அகன்ற திறப்பு ஒன்று விடப்பட்டுள்ளது. மழை பெய்தால் நீர் உள்ளே விழும். தரையிலுள்ள துளைகள் வழியே வடியும்.

கி.பி. 609-இல் பேரரசன் போக்காஸ் இக்கோயிலை நான்காம் போனிபாஸ் பாப்பரசருக்கு அளிக்க, இது புனித மரியாளுக்கும் தியாகிகளுக்கும் உரிய ஆலயமாயிற்று. அன்று முதல் இதனைச் சூளைக்கு அனுப்ப எவரும் துணியவில்லை. ஆயினும் கொள்ளை முற்றும் நிற்கவில்லை. 663-இல் கிழக்குப் பேரரசன் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் கூரையின் வெண்கல ஓடுகளைக் கழற்றிச் சென்றான். 17 ஆம் நூற்றாண்டில் பார்பெரினி குடும்பத்தினரான எட்டாம் ஊர்பன் பாப்பரசர் முன்மண்டபத்தின் வெண்கல உத்திரங்களை எடுத்து உருக்கினார், பெரும்பகுதி பீரங்கியாயிற்று. நகர மக்கள் அக்குடும்பப் பெயரைக் காட்டுமிராண்டியைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்துச் சிலேடை கட்டி ஏசினர். அச்சிலேடை இன்றும் அங்கே வழங்குகிறது. ரபாயேலின் கல்லறை இக்கோயிலினுள்தான் இருக்கிறது. தூய ஆவித் திருநாளன்று உச்சித் திறப்பின் வழியே செந்நிற ரோசா இதழ்கள் சொரியப்படும். அன்று அங்கிருப்போர் பேறு பெற்றோர். 2023 சூலை முதல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் பெறப்படுகிறது.

ஆலயமான கோயில்கள் வேறு பலவும் உண்டு. போரத்தில் அந்தோனினஸ், பௌஸ்தீனா இருவர்க்கும் எடுத்த கோயிலின் முகப்புத் தூண்களுக்குப் பின்னே தேவாலயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதன் வாயிற்கதவு எட்டாத உயரத்தில், படியின்றித் தொங்குவது போல் காட்சி தரும். அக்கதவு வைக்கப்பட்ட காலத்தில் தரைமட்டம் அவ்வளவு உயர்ந்திருந்தது. பின்னர் மண்ணை அகழ்ந்தெடுத்ததால் கதவு மேலே நின்றுவிட்டது. நகரம் எவ்வளவு புதைந்திருந்தது என்பதை அறிய இந்தக் கதவைப் பார்த்தாலே போதும்.

தவறான அடையாளத்தாலும் ஒரு பொருள் தப்பலாம். மார்க்கஸ் அவுரேலியஸ் குதிரை மேல் அமர்ந்த வெண்கலச் சிலை அத்தகையது. பழைய வெண்கலச் சிலைகள் பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டன. இதனை மட்டும் கிறித்தவ சமயத்துக்கு ஆதரவளித்த கான்ஸ்டன்டைன் என்று மக்கள் கருதியமையால் கை வைக்கவில்லை. 1538-இல் அது காப்பிட்டோலியக் குன்றுக்குக் கொண்டுவரப்பட்டது. மைக்கேலாஞ்சலோ அதனை நடுவாக வைத்தே அச்சதுக்கத்தை வகுத்தார். காற்றின் நச்சால் உலோகம் அரிபட்டதனால் 1981-இல் சிலை அகற்றப்பட்டுச் செப்பனிடப்பட்டது. இப்போது மூலம் பொருட்காட்சிச்சாலைக்குள். வெளியே இருப்பது படி. இச்சாலையின் தொடக்கமும் குறிக்கத்தக்கது. 1471-இல் நான்காம் சிக்ஸ்டஸ் பாப்பரசர் சில வெண்கலங்களை நகர மக்களுக்கு வழங்கியதே அதன் வித்து. 1734-இல் பொதுமக்கள் காணத் திறந்துவிடப்பட்டது.

இதுகாறும் கூறியவற்றால், பயன்பாட்டில் வைத்தல் காக்கும், பழமையைப் போற்றுதல் அதனினும் மேலாகக் காக்கும் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். வரலாறு அவ்வளவு நேர்வழியில் செல்லவில்லை. பழமைப் பற்றும் அழித்தது. 1900-இல் போரத்தின் ஓரத்தில் இருந்த ஓர் ஆலயம், அதற்கு அடியில் புதைந்த இன்னும் பழைய ஆலயத்தைக் காண்பதற்காக இடிக்கப்பட்டது. அடியில் கிடைத்த சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல காலத்து ஓவியப் பூச்சுகள் உள்ளன என்பது உண்மையே. ஆனால் மேலிருந்த ஆலயம் போயிற்று. உரோமச் செனட் சபை கூடிய 'கூரியா' மண்டபமும் இத்தகையதே. ஏழாம் நூற்றாண்டில் ஆலயமாக்கப்பட்டமையால்தான் அது கூரையோடும் சுவரோடும் நின்றது. 1930-களில் பழைய உருவைக் காட்ட வேண்டுமென்று ஆலயத்தின் பிற்காலப் பகுதிகளை எல்லாம் உரித்தெடுத்தனர். காத்தவனைக் கழித்துவிட்டுக் காக்கப்பட்டதை வைத்துக்கொண்டனர் எனலாம். மண்டபத்தின் பழைய வெண்கலக் கதவுகளைக் காண விரும்புவோர் இலாத்தரன் பேராலயத்துக்குச் செல்ல வேண்டும். 17 ஆம் நூற்றாண்டிலேயே அவை அங்குப் போய்ச் சேர்ந்தன.

எல்லாவற்றினும் கொடியது 1932-இல் முசோலினி திறந்து வைத்த அகன்ற சாலை. பேரரசின் இடிபாடுகளுக்கு நடுவே படை அணிவகுத்துச் செல்ல வேண்டும் என்பது நோக்கம். அதற்காக இடைக்காலத்து வீடுகளும் ஆலயங்களும் நிறைந்த பகுதி தரைமட்டமாக்கப்பட்டது. மாக்சென்டியஸ் மண்டபத்தை ஒட்டியிருந்த வேலியாக் குன்று குடைந்து வெட்டப்பட்டது. வீடிழந்த மக்களுள் பலர் நகரப் புறத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர். அகழ்ந்து கண்ட பேரரசர் போரங்களின் பெரும்பகுதி மீண்டும் அச்சாலையின் அடியிலேயே புதைந்தது. அச்சாலையில் நின்று படம் பிடிப்போர் காலடியில் இருப்பது இடிபாடு மட்டுமன்று. பிள்ளைகள் விளையாடிய தெருவும் இருந்தது.

ஓவியங்களுக்கு வருவோம். வாத்திகன் பொருட்காட்சிச்சாலையில் கூட்டம் மிகுதி. நடந்து களைத்து, கடைசியில் சிஸ்டைன் சிற்றாலயத்தை அடைவோர்க்கு அண்ணாந்து பார்க்கவும் வலிமை இராது. ஓவியத்தை அதற்குரிய இடத்திலேயே காண விரும்புவோர் பிரெஞ்சு மக்களின் புனித லூயி ஆலயத்துக்குச் செல்லலாம், கட்டணம் இல்லை. அங்கே இடப்புறச் சிற்றாலயம் ஒன்றில் காரவாஜியோ தீட்டிய புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று உள்ளன (1599-1602). இருபுறச் சுவர் ஓவியங்களிலும் ஒளி பீடத்தின் பக்கமிருந்தே வருகிறது. உண்மையான சன்னலும் அப்பக்கமே இருக்கிறது! ஓவியன் கட்டடத்தின் வெளிச்சத்தையே படத்துக்குள் தொடரவிட்டான். இந்நுட்பத்தைக் கலைக்கூடத்தின் சுவரில் மாட்டிய படத்தில் காணவியலாது.

பீடத்தின் மேலுள்ள நடு ஓவியத்துக்கு ஒரு முன்கதை உண்டு. காரவாஜியோ முதலில் தீட்டிய படத்தில் மத்தேயு எழுதப் பழகாத பாமரனைப் போல, வெறுங்காலை நீட்டி அமர்ந்திருந்தார். வானதூதன் அவர் கையைப் பிடித்து எழுதச் செய்தான். இஃது ஆலயத்துக்கு ஒவ்வாதென்று மறுக்கப்பட்டது. செல்வர் ஒருவர் வாங்கிக்கொண்டார். பின்னர் அது பெர்லின் பொருட்காட்சிச்சாலையை அடைந்தது. 1945-இல் போரின் முடிவில் எரிந்து அழிந்தது. மறுக்கப்பட்ட படத்துக்கு மாற்றாகத் தீட்டியது இன்றும் பீடத்தில் இருக்கிறது. பாதுகாப்பென்று கருதி வைத்த இடம் காக்கவில்லை. நெருப்புக்கு முன் எடுத்த கருப்பு வெள்ளை நிழற்படங்களே இப்போது மிஞ்சியவை.

மூன்று கதிகளும் சிதறாமல் ஒரே இடத்தில் அமைந்திருப்பதைக் காண விரும்புவோர் கொலோசியத்திலிருந்து சிறிது தூரம் நடந்து புனித கிளெமென்ட் ஆலயத்தை அடைய வேண்டும். தெருவிலிருந்து நுழையும் ஆலயம் 12 ஆம் நூற்றாண்டினது; பீடத்தின் மேல் பொன் பதித்த கண்ணாடிச் சில்லு ஓவியம். நான்காம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் இதுவே என்று மக்கள் நெடுங்காலம் நம்பினர். 1857-இல் ஜோசப் முல்லூலி என்னும் ஐரிஷ் துறவி தரையை அகழத் தொடங்கியபோதுதான் பழைய ஆலயம் அடியில் மண் நிரப்பப்பட்டு முழுமையாய்க் கிடப்பது தெரிந்தது. அதற்கும் கீழே முதல் நூற்றாண்டுக் கட்டடங்கள்; அவற்றுள் ஒன்றில் காளையைக் கொல்லும் மித்ரன் என்னும் தேவனை வழிபட்ட அறை. இருபுறமும் கல் திண்ணை, நடுவில் பலிபீடம். ஏணிப்படி போல நூற்றாண்டுகளில் இறங்கலாம்.

தமிழாசிரியர்கள் நடு அடுக்கில் நின்று காண வேண்டிய சுவர் ஒன்றுண்டு. 11 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய ஓவியம் அது. சிசின்னியஸ் என்னும் செல்வன், புனித கிளெமென்டைக் கட்டி இழுத்து வருமாறு ஏவலாளரைப் பணிக்கிறான். அற்புதத்தால் மயங்கிய அவர்கள் அவரை விட்டுவிட்டு ஒரு தூணைக் கட்டி இழுக்கின்றனர். செல்வன் வசை மொழிகிறான். புனிதர்க்குரிய சொற்கள் இலத்தீனில் உள்ளன. செல்வனின் வசையோ தெருவில் வழங்கிய பேச்சுமொழியில் எழுதப்பட்டுள்ளது. இத்தாலிய மொழி எழுத்தில் பதிவான மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக அறிஞர் இதனைக் கொள்வர். ஏட்டு வழக்கும் நாட்டு வழக்கும் அருகருகே நிற்கும் இச்சுவர், பேச்சு நடையை ஏட்டில் ஏற்றலாமா என்று வாதிடுவோர்க்குச் சுவை பயக்கும். ஒரு மொழி முதலில் எழுத்தேறிய வாயில்களுள் ஒன்று வசை என்பது இலக்கண ஆசிரியர்க்கு உவப்பாக இராது!

மேலுள்ள ஆலயத்தைக் காணக் கட்டணமில்லை; கீழே இறங்கச் சீட்டு வாங்க வேண்டும். இத்தகைய ஆலயங்கள் பல நண்பகலில் அடைக்கப்படும். தோளும் முழங்காலும் மறைய உடுத்தியிருப்பது எங்கும் எதிர்பார்க்கப்படுகிறது. இருண்ட சிற்றாலயங்கள் சிலவற்றில் விளக்கெரியப் பெட்டியில் காசு போட வேண்டுமாதலால் சில்லறை வைத்திருப்பது நன்று. புனித கிளெமென்டின் கடைசி அடுக்கில் நிற்போர்க்கு நிலத்தடி நீர் ஓடும் ஓசை கேட்கும். அந்நீர் முன்பு அறைகளில் தேங்கி நின்று அகழ்வாரைத் துன்புறுத்தியது. 1912 முதல் 1914 வரை சுரங்கக் கால்வாய் ஒன்று வெட்டி, பழைய உரோமர் கட்டிய பெருஞ்சாக்கடையோடு அதனை இணைத்தனர். அந்தச் சாக்கடை இன்றும் பயன்படுகிறது.